பனியில் ஓர் இரவு: துருவப் பணியாளருக்கான உயிர்காப்புப் பயிற்சி, படிப்படியாக

அண்டார்க்டிகாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் விஞ்ஞானிகள் இல்லை. சமையல்காரர், பிளம்பர், எலக்ட்ரீஷியன், புல்டோசர் ஓட்டுபவர், நர்ஸ், ஸ்டோர் கீப்பர் என்று ஒரு சின்ன ஊர் நடக்க யாரெல்லாம் வேண்டுமோ அத்தனை பேரும் போகிறார்கள். ராஸ் தீவில் இருக்கும் அமெரிக்காவின் மெக்மர்டோ நிலையத்தில் கோடையில் ஆயிரம் பேர் வரை தங்கியிருக்கிறார்கள். அவர்களில் பலர் அதற்கு முன் கூடாரத்தில் ஒரு ராத்திரிகூடப் படுத்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களை நிலையத்துக்கு வெளியே வேலைக்கு அனுப்பும் முன், பனித்தட்டுக்குக் (கடல்மேல் மிதக்கும் தடித்த பனிப்பரப்பு) கூட்டிப்போய் ஓர் இரவு படுக்க வைத்துப் பழக்கும் பயிற்சி அங்கே பல ஆண்டுகள் நடந்தது. இரண்டு நாள் பயிற்சி. அங்குள்ளவர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'ஹாப்பி கேம்பர்'. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நியூசிலாந்தின் ஸ்காட் தளமும் தன் ஆட்களை இப்படித்தான் பழக்குகிறது. இந்தியாவிலிருந்து மைத்ரி, பாரதி நிலையங்களுக்குப் போகிறவர்களை உத்தராகண்டின் ஆலியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் மலையேற்ற, பனிச்சறுக்கு நிறுவனம் தயார்செய்கிறது.

கீழே இருப்பது மெக்மர்டோ பயிற்சியின் போக்கை ஒட்டிய வழிகாட்டி. துருவத்துக்குப் போகப் பெயர் கொடுத்திருப்பவர்களுக்கு நேரடியாக உதவும். இமயமலையில் உயரமான இடத்தில் குளிர்கால முகாம் போடுகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் தனியாகப் பனியில் இறங்க வேண்டாம். பயிற்சியாளர் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது தப்பு செய்து கற்றுக்கொள்ளத்தான் இந்த இரவையே வைத்திருக்கிறார்கள்.

எதற்காக இந்த இரவு

நிலையத்தில் ஹீட்டர் போட்ட அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் உண்டு. ஆபத்து அங்கே இல்லை. ஹெலிகாப்டர் உங்களை ஒரு பள்ளத்தாக்கில் இறக்கிவிட்டு, இரண்டு மணி நேரத்தில் திரும்பி வருவதாகச் சொல்லிப் போகும். அதற்குள் மேகம் இறங்கிவிடும். அல்லது ஓடுதளத்துக்குப் போகும் வழியில் வண்டி நின்றுவிடும், பின்னாலேயே காற்று பிடித்துக்கொள்ளும். மெக்மர்டோவில் வானிலையை மூன்று நிலைகளாகச் சொல்வார்கள். 3 என்றால் சாதாரணம், 1 என்றால் மோசம். காற்றின் வேகம் 55 'நாட்'டைத் (knot; மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர்) தாண்டினாலோ, 30 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாவிட்டாலோ, காற்றோடு சேர்ந்து உடம்பில் உறைக்கும் குளிர் மைனஸ் 73 டிகிரிக்குக் கீழே போனாலோ, மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே நிலை 1. அப்போது யாரும் கட்டடத்தை விட்டு வெளியே வரக்கூடாது. வெளியே மாட்டிக்கொண்டவரைத் தேடிப் போவதும் பெரும்பாடு.

அதனால்தான் நிலையத்தை விட்டுப் போகும் ஹெலிகாப்டரிலும் வண்டியிலும் உயிர்காப்புப் பை ஏற்றுகிறார்கள். ஸ்லீப்பிங் பேக், கூடாரம், ஸ்டவ், எரிபொருள், சாப்பாடு எல்லாம் அதற்குள் இருக்கும். அந்தப் பையை நடுங்கும் கையோடு, காற்றுக்கு நடுவே, முதல் தடவையாகப் பிரித்துப் பார்க்கிற நிலைமை வரக்கூடாது. பயிற்சியின் நோக்கம் அவ்வளவுதான்.

குளிர் எப்படி ஆளைப் பிடிக்கிறது

உடுப்பு எதுவும் சூடு தருவதில்லை. சூடு உங்கள் உடம்பில்தான் உண்டாகிறது. உடுப்பு அதை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அந்தச் சூடு போகும் வழிகளில் முதல் எதிரி காற்று. வெப்பநிலை மைனஸ் 20 டிகிரியாக இருந்து காற்று 40 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 34 மாதிரி உறைக்கும். அந்தக் குளிரில் மூடாத கன்னமும் மூக்கும் பத்திலிருந்து முப்பது நிமிடத்தில் உறையத் தொடங்கலாம்.

இரண்டாவது எதிரி ஈரம். அசையாத காற்றை விடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பனிக்கண்டத்தில் ஈரம் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். அங்கே மழை அபூர்வம்தான். ஆனால் நீங்கள் வியர்ப்பீர்கள், மூச்சு விடுவீர்கள்.

இதை நிரூபித்த கதை ராஸ் தீவிலேயே நடந்தது. 1911 ஜூன் கடைசியில், துருவத்தின் நடு இருட்டில், பிரிட்டிஷ் துருவப் பயணி ராபர்ட் ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கரார்டு மூவரும் எம்பரர் பெங்குவின் முட்டைகளைத் தேடிக் கேப் குரோசியருக்கு ஸ்லெட்ஜ் இழுத்துப் போனார்கள். குளிர் மைனஸ் 60 டிகிரி வரை இறங்கியது. வியர்வையும் மூச்சும் அவர்களுடைய உடுப்பிலும் படுக்கைப் பையிலும் உறைந்து தங்கிவிட்டன. கிளம்பும்போது சுமார் 8 கிலோ இருந்த செர்ரி-கரார்டின் படுக்கைப் பை திரும்பும்போது 20 கிலோவுக்குச் சென்றிருந்தது. கூடிய எடை முழுக்கப் பனிக்கட்டி. ஒருநாள் காலை அவர் கூடாரத்தை விட்டு வெளியே வந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்தச் சில நொடியில் உடுப்பு அப்படியே உறைந்துவிட, அண்ணாந்த தலையோடு நான்கு மணி நேரம் ஸ்லெட்ஜ் இழுத்தார். இன்றைய துணிகள் எவ்வளவோ மேல். ஆனாலும் உலராமல் இருக்கும் மனிதன் உறைவான் என்பது மாறவில்லை. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், வியர்க்காமல் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: உடுத்துவது, அதைவிட முக்கியமாகக் கழற்றுவது

தோலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை. அதன்மேல் ஃப்ளீஸ். அதற்கு மேல் காற்று புகாத வெளியுடுப்பு. இவை தவிர, சும்மா நிற்கும்போது போட்டுக்கொள்ள ஒரு பெரிய பார்க்கா, அதாவது தலைமூடி வைத்த தடித்த கோட்டு. மெக்மர்டோவில் அந்தச் சிவப்புப் பார்க்காவை 'பிக் ரெட்' என்பார்கள். பருத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். உள்பனியன், ஜட்டி, சாக்ஸ் எதிலும் கூடாது. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காயவே காயாது. புதிதாகப் போகிறவர்கள் மேலே ஆயிரம் டாலர் கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே வீட்டு ஜட்டியோடு வருவது வழக்கமான தப்பு.

வேலை தொடங்குவதற்கு முன்பே ஓர் அடுக்கைக் கழற்றிவிட வேண்டும். வேலை தொடங்கும் நேரத்தில் இலேசாகக் குளிர வேண்டும். அதுதான் சரியான அளவு. ஷவல் பிடித்துப் பத்து நிமிடத்தில் உடம்பு சூடேறிவிடும். "இன்னும் கொஞ்சம் வேலைதானே, முடித்துவிட்டுக் கழற்றலாம்" என்று விட்டால் முதுகு நனைந்துவிடும். வேலை நின்றதும் அடுத்த நிமிடமே பார்க்கா மேலே ஏற வேண்டும். குளிரத் தொடங்கிய பிறகு போட்டால், தொலைத்த சூட்டைத் திரும்பப் பிடிப்பதற்குள் ராத்திரியாகிவிடும்.

கைக்கு இரண்டு அடுக்கு: உள்ளே விரல் உறை, வெளியே பெரிய மிட்டன் (நான்கு விரலுக்கும் ஒரே பை உள்ள கையுறை). மிட்டனைக் கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். காற்றில் பறந்த கையுறை திரும்பாது. காலுக்குத் தடிமனான ஒரே ஒரு ஜோடி சாக்ஸ் போதும். பயத்தில் மூன்று ஜோடி போட்டு பூட்ஸுக்குள் திணித்தால் ரத்தம் ஓடாது, விரல்தான் முதலில் போகும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஐந்து நிமிடம்கூட நிற்காதீர்கள். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணின் மேல்தோலைச் சுட்டுவிடும். அந்த வலி சாயங்காலம் தொடங்கும், கண்ணில் மணலைக் கொட்டின மாதிரி.

படி 2: காற்றைப் படித்து இடம் பிடிப்பது

வண்டி உங்களை இறக்கிவிட்ட இடத்திலேயே கூடாரம் போட வேண்டும் என்று தோன்றும். முதலில் ஐந்து நிமிடம் நின்று தரையைப் பாருங்கள். காற்று அறுத்த பனி வரப்பு வரப்பாகக் கிடக்கும். அந்த வரப்புகள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ, புயல்காற்று பெரும்பாலும் அந்தத் திசையில்தான் வரும். இப்போது காற்று அடிக்கவில்லை என்பதை நம்பாதீர்கள்.

மெக்மர்டோ சுற்றுவட்டாரத்தில் பாதுகாப்பான பாதையை மூங்கில் குச்சியில் சிவப்பு, பச்சைக் கொடிகள் நட்டுக் காட்டுவார்கள். கறுப்புக் கொடி இருந்தால் அந்தப் பக்கம் பனிப்பிளவு, போகக்கூடாது. கொடி இல்லாத இடத்தில் பயிற்சியாளர் சோதித்துச் சொல்லும் எல்லைக்குள் மட்டுமே நடமாட வேண்டும். கழிப்பிடத்தைக் காற்று போகும் பக்கத்திலும், உருக்கிக் குடிக்கப் பனி எடுக்கும் இடத்தைக் காற்று வரும் பக்கத்திலும் வையுங்கள். இரண்டையும் முதல் வேலையாகக் கொடி நட்டுக் குறித்துவிட்டால் பின்னால் குழப்பம் இருக்காது.

படி 3: கூடாரமும் சுவரும்

அங்கே இரண்டு வகைக் கூடாரங்களைப் பழக்குவார்கள். ஒன்று மலையேறுகிறவர்களின் வளைந்த சிறு கூடாரம். இன்னொன்று ஸ்காட் கூடாரம்: நான்கு தடித்த கம்பம், பிரமிடு வடிவம், இரட்டைத் துணி, நுழையக் குழாய் போன்ற வாசல். ஸ்காட் காலத்து வடிவம் நூறு வருஷத்துக்குப் பிறகும் அப்படியே இருக்கக் காரணம், கடும் காற்றில் அதை வீழ்த்துவது கடினம், போடுவது சுலபம். காற்றுக்கு முதுகு காட்டி மடித்தபடியே படுக்க வைத்து, ஒரே தூக்காகத் தூக்கி நிறுத்தி, கால்களை விரித்து, சுற்றியிருக்கும் துணிப் பாவாடையின் மேல் பனியை அள்ளிக் கொட்டிவிட வேண்டும்.

எந்தக் கூடாரமானாலும் பிரிக்கும் முதல் நொடியிலிருந்து ஒருவர் அதைக் கையில் பிடித்திருக்க வேண்டும். பிடியை விடும் முன் ஒரு கயிறாவது நங்கூரத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும். சாதாரண முளைக்குச்சி பனியில் நிற்காது. மூங்கில் துண்டையோ பனி நிரப்பிய பையையோ எடுத்து, முழங்கை ஆழக் குழியில் குறுக்காகப் படுக்க வைத்து, கயிற்றைச் சுற்றி மேலே விட்டு, பனியால் மூடி மிதியுங்கள். கொஞ்ச நேரத்தில் பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். அரைமணி கழித்து இழுத்துப் பாருங்கள். கான்கிரீட்டில் புதைத்த மாதிரி இருக்கும். மறுநாள் அதைத் தோண்டி எடுப்பதுதான் பாடு.

அடுத்தது சுவர். ராஸ் பனித்தட்டின் மேற்பனியைக் காற்று அடித்து அடித்து இறுக்கியிருக்கும். ரம்பத்தை வைத்தால் தெர்மோகோல் மாதிரி அறுபடும், அதே கிறீச் சத்தத்தோடு. ஒரு குழி தோண்டி அதன் பக்கச் சுவரிலிருந்து கட்டிகளை அறுத்தெடுங்கள். ஒருவர் அறுக்க, ஒருவர் ஷவலால் பெயர்க்க, மற்றவர்கள் சுமந்து அடுக்க வேண்டும். செங்கல் வைப்பதுபோல மூட்டு மாற்றி வைத்து, இடைவெளிகளைத் துகள் பனியால் அடையுங்கள். இடுப்புயரத்துக்கு மேல், கூடாரத்தைவிட அகலமாக இருந்தால் நல்லது. சுவரைக் கூடாரத்தோடு ஒட்டிக் கட்டாமல் சில அடி தள்ளிக் கட்டுங்கள். சுவருக்குப் பின்னால் காற்று வேகம் குறையும், அங்கேதான் அது தூக்கி வந்த பனியைக் கொட்டும். ஒட்டிக் கட்டினால் விடிவதற்குள் கூடாரம் புதைந்துவிடும். கட்டி எடுத்த குழி வீணாகாது, அதுதான் உங்கள் சமையலறை. குழிக்குள் இறங்கி நின்றால் சுற்றி மேடை மாதிரி அமைந்துவிடும்.

படி 4: கூடாரம் இல்லாவிட்டால்

கூடாரம் பறந்துபோனால்? கேப் குரோசியரில் அந்த மூவருக்கும் அதுதான் நடந்தது. புயலில் கூடாரம் போனது. புயல் ஓய்ந்தபின் மலைச்சரிவில் கிடைத்ததால்தான் பிழைத்தார்கள். அதனால் பயிற்சியில் பனியாலேயே வீடு கட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

பனி நல்ல வெப்பக்காப்பு. அதன் துகள்களுக்கு நடுவே அடைபட்ட காற்று அசையாது. வெளியே மைனஸ் 30 இருக்கும்போதும் நன்றாக அமைந்த பனிக்குகைக்குள் சுழியத்துக்குச் சில டிகிரி கீழேதான் இருக்கும். காற்றுச் சத்தமும் நின்றுவிடும்.

பலர் தங்க 'குவின்ஸி'. வட அமெரிக்கப் பழங்குடிகளிடமிருந்து வந்த பெயர். எல்லோருடைய பைகளையும் ஒரே குவியலாகப் போட்டு, அதன்மேல் சுமார் இரண்டடி கனத்துக்குப் பனியைக் கொட்டி ஷவலின் முதுகால் தட்டுங்கள். பிறகு ஒன்றரை, இரண்டு மணி நேரம் அப்படியே விட வேண்டும். இந்தப் பொறுமை இல்லாதவர்களின் குவின்ஸிதான் இடிந்து விழுகிறது. காத்திருக்கும் நேரத்தில் சாப்பிடலாம். இறுகியபின் காற்று போகும் பக்கத்திலிருந்து கீழாக ஒரு சுரங்கம் தோண்டிப் போய்ப் பைகளை ஒவ்வொன்றாக உருவி எடுங்கள். வெளியிலிருந்து ஓரடி நீளக் குச்சிகளைக் குத்தி வைத்திருந்தால், உள்ளே சுரண்டும்போது குச்சி முனை தெரிந்ததும் நிறுத்திவிடலாம். படுக்கும் மேடை வாசல் துளையைவிட உயரத்தில் இருக்கட்டும். கனமான குளிர்காற்று கீழே தங்கும். கூரையில் கை முஷ்டி அளவு துளை ஒன்று கட்டாயம் வேண்டும். ராத்திரி எழும்போதெல்லாம் குச்சியை விட்டு அது அடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

தனியாக இருந்தால், நேரம் குறைவாக இருந்தால், அகழி போதும். உங்கள் நீளத்துக்குக் கொஞ்சம் கூட, இரண்டடி அகலம், நெஞ்சளவு ஆழம். மேல்வாயைக் குறுகலாக விட்டு அடியில் அகலப்படுத்தி, பனிக்கட்டிகளையோ ஸ்லெட்ஜையோ தார்ப்பாயையோ மேலே போட்டு மூடுங்கள். முதல் தடவை தோண்டுகிறவருக்கு மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். இந்த அகழியில் படுப்பதைக் கல்லறையில் படுத்த மாதிரி என்று சிலர் சொல்வார்கள். பயந்தால் விட்டுவிடுங்கள், கட்டாயமில்லை. ஆனால் முடிந்தால் ஒருமுறை படுத்துப் பாருங்கள். கையில் ஒரு ஷவல் மட்டும் இருந்தாலும் ராத்திரியைத் தள்ளிவிடலாம் என்ற நம்பிக்கை வேறெதிலும் கிடைக்காது.

இரண்டிலும் தோண்டுகிறவர் மண்டியிட்டே நனைந்துவிடுவார். முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். மழைக்கோட்டு மாதிரி ஏதாவது இருந்தால் அதை அவருக்குக் கொடுங்கள்.

படி 5: அடுப்பும் தண்ணீரும்

நம் வீடுகளில் ஒரு காலத்தில் இருந்த பம்ப் ஸ்டவ்வைக் கொளுத்தத் தெரிந்தவர்களுக்கு இந்த அடுப்பு புதிதில்லை. புட்டியில் வெள்ளைப் பெட்ரோல், அதில் பொருத்திய பம்ப், வளைந்த குழாய், பர்னர். இருபது தடவை பம்ப் அடித்து, வால்வைக் கொஞ்சம் திறந்து, கீழிருக்கும் கிண்ணத்தில் சிறிது எரிபொருள் இறங்கியதும் மூடி, பற்றவைக்க வேண்டும். மஞ்சள் தீ எழும்பும். அது குழாயைச் சூடாக்கி, சுருங்கி, அணையப் போகும் நேரத்தில் வால்வை மெல்லத் திறந்தால் நீலத் தீ உறுமிக்கொண்டு பிடிக்கும். அவசரப்பட்டுத் திறந்தால் இடுப்புயரத்துக்கு மஞ்சள் தீ வரும். அதனால் கூடாரத்துக்குள் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

எரிபொருள் கையில் பட்டால் அதுவே காயம். மைனஸ் 30 குளிரிலும் பெட்ரோல் உறையாது. அதே குளிரோடு விரலில் வழிந்து, ஆவியாகி, இன்னும் சூட்டை உறிஞ்சும். நொடியில் தோல் உறையும். ஊற்றும்போது எரிபொருளுக்கென்று உள்ள ரப்பர் உறையைப் போடுங்கள். அடுப்புக்கு அடியில் பலகை வையுங்கள், இல்லையென்றால் பனியை உருக்கிக்கொண்டு கவிழ்ந்துவிடும்.

பாத்திரத்தில் வெறும் பனியை அள்ளிப் போட்டால் அடி தீய்ந்து தண்ணீர் கருகல் வாடை அடிக்கும். முதலில் பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரை ஒரு விரற்கடை ஊற்றிச் சூடாக்கி, பிறகு பனிக்கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு எரிபொருள் இவ்வளவு ஆகிறதே என்று தோன்றும். சுழியம் டிகிரிப் பனியை உருக்க மட்டும் ஆகும் சூட்டில், அதே அளவு சுழியம் டிகிரித் தண்ணீரை 80 டிகிரிக்கு ஏற்றிவிடலாம். தாகத்துக்குப் பனியை அப்படியே வாயில் போடக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். அந்தச் சூட்டை உங்கள் வயிறு கொடுக்க வேண்டியிருக்கும்.

பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறையத் தொடங்கும், மூடிப் பக்கம் திறந்திருக்கும். சாப்பாட்டில் கொழுப்பைத் தாராளமாகச் சேருங்கள். வெண்ணெய், சீஸ், சாக்லேட், கடலை எதுவும் இங்கே தப்பில்லை. துணைக்கு இனிப்பான சூடான பானம். மது கூடாது. அது தோலுக்கு ரத்தத்தைத் திருப்பிவிட்டுச் சூடு வந்த மாதிரி ஏமாற்றும், உள்சூடு வெளியேறும்.

இங்கே ஒன்றை நிதானமாகப் படியுங்கள். 1990-இல் ஒன்பதாவது இந்திய அண்டார்க்டிகா பயணக்குழுவைச் சேர்ந்த நான்கு பேர், களத்தில் போட்ட கூடாரத்தில் கார்பன் மோனாக்சைடு நச்சால் இறந்துபோனார்கள். குளிர் அவர்களைக் கொல்லவில்லை. 1934 குளிர்காலத்தில் ராஸ் பனித்தட்டில் ஒரு குடிலில் தனியே தங்கி வானிலை பதிவுசெய்த அமெரிக்க அட்மிரல் ரிச்சர்ட் பேர்டும், அடுப்பும் ஜெனரேட்டரும் விட்ட அதே நச்சில் செத்துப் பிழைத்தார். அந்த வாயுவுக்கு நிறமில்லை, வாடையில்லை. கூடாரத் துணியில் உறைபனி படிந்தாலும், காற்றுத்துளையைப் பனி அடைத்தாலும், உள்ளே எரியும் அடுப்பு ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். சமையல் வெளியே, சுவருக்குப் பின்னால். வேறு வழியே இல்லாமல் உள்ளே எரிக்க நேர்ந்தால் மேலும் கீழும் திறப்பு வேண்டும், ஒருவர் விழித்திருக்க வேண்டும், அடுப்பை அணைத்த பிறகே எல்லோரும் படுக்க வேண்டும். இலேசாகத் தலைவலித்தாலும் உடனே அடுப்பை அணைத்து எல்லோரும் வெளியே வாருங்கள். குளிரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 6: தூக்கம்

சாப்பாடு முடிந்ததும் பயிற்சியாளர்கள் விடைபெற்றுச் சற்றுத் தள்ளியிருக்கும் தங்கள் குடிலுக்குப் போய்விடுவார்கள். ஒரு ரேடியோ உங்களிடம் இருக்கும். மெக்மர்டோவில் அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி பிற்பகுதி வரை சூரியன் மறையாது. ராத்திரி பதினோரு மணிக்கு எரபஸ் எரிமலை வெயிலில் மின்னிக்கொண்டிருக்கும், 3,794 மீட்டர், உச்சியில் புகையோடு. பார்த்துக்கொண்டே நிற்கத் தோன்றும். நிற்கும்போதுதான் குளிரும்.

படுப்பதற்கு முன் கொஞ்சம் ஓடுங்கள் அல்லது கையைச் சுழற்றுங்கள், வியர்க்காத அளவுக்கு. ஸ்லீப்பிங் பேக் பிளாஸ்க் மாதிரிதான். சூடாக உள்ளே போனவர் சூடாக இருப்பார். தரைக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு பாய்: கீழே ஃபோம், மேலே காற்றடைத்தது. மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதுதான் இங்கே முக்கியம், ஏனென்றால் உங்கள் எடையில் நசுங்கிய பஞ்சு சூட்டைக் காக்காது.

உலர்ந்த உள்ளாடைக்கு மாறுங்கள். பகல் முழுக்கப் போட்டிருந்த சாக்ஸ் உலர்ந்த மாதிரிதான் தோன்றும், ஆனால் ஈரமாகத்தான் இருக்கும். அதைக் கழற்றி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டால் காலைக்குள் காய்ந்துவிடும். கொதிக்கும் தண்ணீரை பாட்டிலில் ஊற்றி, மூடியை இருமுறை சோதித்து, ஒரு சாக்ஸுக்குள் விட்டுத் தொடையிடுக்கில் வையுங்கள். பூட்ஸின் உள்ளுறை, கேமரா பேட்டரி, நாளைக்குப் போடும் கையுறை எல்லாம் பைக்குள்ளேயே படுக்கட்டும். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சாக்லேட்.

தலைப்பக்கக் கயிற்றை இறுக்கி, மூக்கும் வாயும் மட்டும் வெளியே இருக்கும்படி விடுங்கள். குளிர் தாங்காமல் தலையையும் உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சு விட்டால் முதல் பத்து நிமிடம் சொர்க்கம். பிறகு உள்ளே ஈரம் படியும். இரண்டு மணிக்குக் கண் விழிக்கும்போது மோவாயில் பட்ட துணி விறைத்துப்போய், ஜிப்பின் பற்களில் வெள்ளையாகப் பூத்திருக்கும். ஜிப் அசையாது. இழுக்காமல் அதை உள்ளங்கையில் பொத்தி முப்பது எண்ணுங்கள், இளகிவிடும்.

சிறுநீர் முட்டினால் அடக்காதீர்கள். பெரிய வாயுள்ள, தொட்டாலே தெரியும்படி டேப் சுற்றிய பாட்டில் இதற்கென்றே பைக்குள் இருக்க வேண்டும். பெண்களுக்கு இதற்குப் புனல் தருவார்கள். நிலையத்திலேயே பழகிக்கொண்டு வருவது நல்லது. கழிவு எதையும் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. 1991-இல் கையெழுத்தான அண்டார்க்டிகா சுற்றுச்சூழல் ஒப்பந்தம் இதில் கறார்.

நடுக்கம் வந்து விழித்தால் பொறுத்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள். சாக்லேட்டைத் தின்று, பைக்குள்ளேயே கால்களை மிதிவண்டி ஓட்டுவதுபோல ஆட்டுங்கள். நிற்கவில்லையென்றால் பக்கத்தில் படுத்தவரை எழுப்புங்கள். அவர் தூக்கம் கெடுமே என்ற தயவு வேண்டாம்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது

உங்கள் மூக்கு வெளுப்பது உங்களுக்குத் தெரியாது. எதிரில் இருப்பவருக்குத்தான் தெரியும். இருவர் இருவராக ஜோடி சேர்ந்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கன்னத்தில் காசளவு மெழுகு வெள்ளை தெரிந்தால் வெறும் உள்ளங்கையை அதன்மேல் வைத்து நிறம் திரும்பும் வரை பொத்துங்கள். தேய்க்கவே கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் கேடு. விரல் கட்டையாகி மரத்துவிட்டால் அது களத்தில் ஆற்றும் விஷயம் இல்லை, ரேடியோவில் சொல்லுங்கள். மறுபடி உறையும் வாய்ப்பு இருக்கும்வரை உறைந்த விரலை உருக்கக் கூடாது.

உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது ஹைப்போதெர்மியா. அதன் அறிகுறி முதலில் குணத்தில் தெரியும். கலகலப்பானவர் பேசாமல் ஒதுங்குவார், காரணமில்லாமல் சிடுசிடுப்பார். அடுத்து விரல் வேலை கெடும், ஜிப் போட வராது. பிறகு நாக்கு குழறும், கால் தடுமாறும். "எனக்கு ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று அவர் சொல்வதை நம்பக் கூடாது. குளிர்ந்த மூளை தப்பாகத்தான் கணிக்கும். ஈர உடுப்பை மாற்றி, காற்றிலிருந்து மறைத்து, பையில் போட்டு, சூடான பாட்டில்களை அக்குளிலும் நெஞ்சிலும் வைத்து, விழுங்க முடிந்தால் இனிப்பாகக் குடிக்கக் கொடுங்கள். நடுக்கம் நின்றும் ஆள் தெளியவில்லை என்றால் நிலைமை முற்றிவிட்டது. அவரை எழுப்பி நடக்க விடாமல், அசைக்காமல், உதவி கேளுங்கள்.

மறுநாள்: வாளியும் ரேடியோவும்

எனக்கு இந்தப் பயிற்சியில் மிகவும் மதிப்பான பகுதி வாளிப் பயிற்சிதான். புயலில் கண்ணுக்கு எதுவும் தெரியாது, காதுக்கும் கேட்காது. அதைக் காட்ட எல்லோர் தலையிலும் வெள்ளை பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துவிடுவார்கள். கழிப்பிடம் போன ஒருவர் திரும்பவில்லை என்று வைத்துக்கொண்டு, ஒரு கயிற்றைப் பிடித்தபடி அவரைத் தேட வேண்டும். நேராக நடப்பதாக நினைத்துக்கொண்டே எல்லோரும் வளைந்து போவார்கள், கயிறு சிக்கும், ஒருவர் கத்துவது மற்றவருக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கும். காணாமல் போனவர் பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பார். முதல் தடவை வெற்றி பெறும் குழுக்கள் குறைவு.

சரியாகச் செய்ய வேண்டுமானால், வாசலை விடும் முன்பே எல்லாம் முடிவாகியிருக்க வேண்டும். கயிற்றின் ஒரு முனை கூடாரத்தில் கட்டப்பட்டிருக்கும், அங்கே ஒருவர் நகராமல் நிற்பார். ஒரு இழுப்பு 'நில்', இரண்டு இழுப்பு 'திரும்பு' என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். கயிறு முழுக்க நீண்டதும் கடிகார முள் மாதிரி ஒரே பக்கமாகச் சுற்றி வாருங்கள். யாரும் கயிற்றை விடக் கூடாது, தேடப் போனவர் இரண்டாவதாகத் தொலைவதே பெரும் ஆபத்து. நீங்கள்தான் தொலைந்தவர் என்றால் அசையாதீர்கள்.

ரேடியோவுக்கு வருவோம். பக்கத்து இடங்களுக்குக் கையடக்க வி.எச்.எஃப். போதும். தொலைவுக்கு எச்.எஃப். ரேடியோ. அதன் நீளமான கம்பியைப் பனியின்மேல் நேராக விரித்துப் போட்டாலே வேலை செய்யும். பயிற்சியில் அதை வைத்துச் சுமார் 1,350 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தென்துருவ நிலையத்தைக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். பேசும்போது எத்தனை பேர், எந்த இடம், என்ன நிலைமை, என்ன வேண்டும், அடுத்து எப்போது பேசுவீர்கள் என்ற ஐந்தையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். சொன்ன நேரத்தில் நீங்கள் பேசாவிட்டால் அங்கே தேடுதல் தொடங்கிவிடும். அதனால் எல்லாம் நலமாக இருக்கும்போதும் அந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள். பேட்டரியைப் பேசும் வரை உள்ளுடுப்புக்குள்ளேயே வைத்திருங்கள்.

கிளம்பும்போது

குழிகளை மூடி, சுவரைச் சரித்துவிடுங்கள். பனி பறக்கும் நாளில் அந்தப் பக்கம் வரும் வண்டிக்கு அது தெரியாது. நங்கூரங்களைத் தோண்டி எண்ணி எடுங்கள். ஒரு சாக்லேட் உறைகூட விடக் கூடாது.

நிலையத்துக்குத் திரும்பியதும் குளிக்க ஓடாமல், முதலில் ஸ்லீப்பிங் பேக்கை உள்பக்கம் வெளியே திருப்பிக் காயப் போடுங்கள். கூடாரத்தையும் விரித்துத் தொங்கவிடுங்கள். பம்ப் கசிந்ததா, கம்பத்தில் விரிசலா, தீப்பெட்டி நனைந்திருந்ததா, எதுவானாலும் ஒரு சீட்டில் எழுதிப் பையோடு கட்டி, ஸ்டோரில் இருப்பவர் கையிலேயே கொடுங்கள். அவர் அதைச் சரிசெய்து, பையை மூடி, அடுத்து கிளம்பும் ஹெலிகாப்டருக்காக வரிசையில் வைப்பார்.